டக் டக் அடித்தால் ஹெப்பகோடி

தேதி போடாமல் எதையும் எழுதிப் பழகாதவன் நான். வீட்டில் சிலிண்டர் மாற்றிய நாள், தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்த நாள், மாடி வீட்டுக்காரர் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்த நாள் எல்லாம் எனக்குத் தேதியோடுதான் நினைவில் நிற்கும். ஆனால் இந்த விஷயத்தில் தேதியைச் சொன்னால் எந்த நிலையம், எந்த அதிகாரி என்று ஒரே போனில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கிழமையையும் பருவத்தையும் மட்டும் சொல்லப்போகிறேன். எனக்கு இது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி. படிப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்கிறாள் என் மனைவி.

கண்டோன்மென்ட் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் நான் வயர்லெஸ் ஆபரேட்டர். வீடு காக்ஸ் டவுனில். நடந்தே வேலைக்குப் போய்விடலாம். மதியம் வீட்டுக்கு வந்து சூடாக ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாளில் விட்ட பக்கத்தையும் முடித்துவிட்டுத் திரும்பலாம். பெங்களூரில் இப்படி ஒரு வாழ்க்கை அமைந்தவனை உறவுக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று இந்த ஊரில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் நான் என் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. தூரத்தைப் பற்றி மட்டும் பேசுவேன். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் பழைய வயர்லெஸ் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து ஏதாவது சொன்னால், 'கேட்டது' என்று வாயால் பதில் சொல்ல மாட்டோம். மைக்கின் பக்கத்தில் இருக்கும் பட்டனை இரண்டு தடவை அமுக்கி விடுவோம். அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் டக் டக் என்று விழும். அவ்வளவுதான் பதில். மூன்று டக் என்றால் டீ வந்துவிட்டது. ஒரு நீளமான டக் என்றால் பெரிய அதிகாரியின் ஜீப் கிளம்பிவிட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, எல்லோரும் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. யார் தொடங்கி வைத்தது என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்ற இருவர் தாங்கள்தான் என்று தனித்தனியாக உரிமை கொண்டாடினார்கள். நான் விசாரித்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கோட்டைச் சுவரில் தீ மூட்டியும் முரசு அடித்தும் செய்தி அனுப்பியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அரசருக்கான செய்திக்கு நடுவே அவர்களும் சாப்பாடு தயாரா என்று கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை.

டக் டக் அடிப்பதில் எங்கள் நிலையத்து டிரைவரை மிஞ்ச ஆளில்லை. நீலசந்திராக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். நான் படிக்கிறவன் என்பதாலா, என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதாலா, தெரியாது. அவர் கட்டைவிரல் அடிக்கும் டக் டக்கில் ஒரு குழைவு இருக்கும். யார் அடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சந்தோஷமாக இருக்கிறாரா, வீட்டில் சண்டையா என்பதுகூடத் தெரிந்துவிடும். வாயால் மட்டும் அவர் மைக்கில் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புதிய ஏற்பாடு வந்தது. அதுவரை போலீசுக்கு ஒரு வயர்லெஸ், எங்களுக்கு ஒன்று, ஆம்புலன்சுக்கு ஒன்று, பக்கத்து மாவட்டங்களுக்குத் தனித்தனியாக வேறு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஒருநாள் எங்கள் வண்டி சைரனோடு சிக்னலில் நிற்கிறது, முன்னால் போலீஸ் ஜீப் வழியை மறித்து நிற்கிறது. எங்கள் வண்டியிலிருந்து எனக்குத் தகவல். நான் எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு. அவர்கள் போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் போனில். அவர்கள் ஜீப்புக்கு. செய்தி ஊரைச் சுற்றி வருவதற்குள் டிரைவர் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டார், ஜீப் நகர்ந்துவிட்டது. இந்தக் கேவலத்தை ஒழிக்கத்தான் நகரத்து வயர்லெஸ் எல்லாவற்றையும் சுற்று மாவட்டங்களோடு சேர்த்து ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது என்று முடிவானது. நல்ல முடிவு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதன் கூட்டு கண்ட்ரோல் ரூமை ஹெப்பகோடிப் பக்கம் வைத்தார்களே, அதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

புதிய செட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தார். திருப்பூர்ப் பக்கம். செட்டு விற்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பெங்களூர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் தொடங்கி, கன்னடத்தில் தடுமாறி, நாங்கள் சிலர் தமிழ் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். பட்டனை அமுக்கினால் 'பேசு' என்று ஒரு குருவிச் சத்தம் வரும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் 'டொங்' என்று மறுத்துவிடும். பட்டனை விட்ட பிறகும் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் வழியை உங்களுக்கே வைத்திருக்கும். இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் டிரைவர் அண்ணன் புரிந்தது என்பதற்கு அடையாளமாகப் புது மைக்கில் டக் டக் அடித்தார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"ஏனுங்கண்ணா, அப்படி அடிக்கப்படாதுங்க. இது பஸ்சுல சீட்டு புடிக்கற மாதிரிங்க. நீங்க உக்காரவும் மாட்டீங்க, ஆனா துண்டப் போட்டுட்டு எறங்கிப் போயர்றீங்க. மத்தவங்கல்லாம் நின்னுட்டே வரோணும்."

எல்லோரும் சிரித்தோம். நன்றாகப் புரிந்தது. புரிந்ததாகச் சொல்ல இன்னும் இரண்டு பேர் டக் டக் அடித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை முதல் கூட்டு ரோல் கால். ஹெப்பகோடியிலிருந்து ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டார்கள். முதல் நிலையம் வழக்கம்போல டக் டக். அதற்குப் பதில் மரியாதையாக இன்னொரு நிலையம் டக் டக். யாரோ டீ வந்துவிட்டதாக அறிவித்தார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காலை வணக்கம் அடித்தார். நெட்வொர்க் முழுக்கத் துண்டு விழுந்துவிட்டது. போலீஸ்காரர் அமுக்கினால் டொங். ஆம்புலன்ஸ் அமுக்கினால் டொங். கோலாரிலிருந்து ஒருவர் டொங்கையும் மீறிப் பேச முடியுமா என்று விடாமல் முயன்றுகொண்டிருந்தார். தேநீர் நேரத்தில் முடிய வேண்டிய ரோல் கால், நான் ரசம் சாதத்துக்குக் கிளம்பும்போதும் முடியவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. என் பணிக்காலத்தில் அது மறக்க முடியாத தேதி.

பழைய செட்டில் யார் அடித்தது என்று எழுத்தில் எங்கும் பதியாது. புதியதில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் செட்டு எண் திரையில் விழுந்துவிடுகிறது. அதிகமாகத் துண்டு போட்டது எங்கள் நிலையம் என்று பெரிய அதிகாரி கண்டுபிடித்தார். நேரில் வந்தார். கன்னடத்தில், குரலை உயர்த்தாமல், ஒரு விஷயம் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் சனிக்கிழமை ஒத்திகை. பக்கத்து மாவட்ட அதிகாரிகள் எல்லாம் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கும் இந்தச் சத்தம் எங்கள் செட்டிலிருந்து வந்தால், நிலையத்தின் செட்டுகளுக்குப் பொறுப்பான ஆபரேட்டரை ஹெப்பகோடிக்கு மாற்றி, அங்கே உட்கார வைத்து எல்லா டக் டக்கையும் அவரையே கேட்க வைப்பேன்.

பொறுப்பான ஆபரேட்டர் நான்தான். ஹெப்பகோடி என்றால் நகரத்தின் மறுமுனை. நடுவில் சில்க் போர்டு சந்திப்பு இருக்கிறது. அது சந்திப்பு என்று பெயர் பெற்றிருந்தாலும் அங்கே வண்டிகள் பிரிவதை யாரும் பார்த்ததில்லை. மெட்ரோ தூண்கள் எழும்பிவிட்டன, மேலே ரயில்கள் காலியாகச் சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஆளை ஏற்றவில்லை. வீட்டில் சொன்னேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது.

"போய்ட்டு வாங்க. தீபாவளி, பொங்கலுக்கு லீவு குடுப்பாங்கல்ல?"

மறுநாளே டிரைவர் அண்ணனை உட்கார வைத்துப் பேசினேன். மற்றவர்களைச் சமாளித்துவிடலாம், இவர் விரல்தான் பிரச்சினை. அவருக்கும் தெரிந்திருந்தது. உண்மையிலேயே வருந்தினார்.

"நான் இன்னா பண்றது வாத்தியாரே. வேணும்னா அடிக்கறேன்? கை தானா பூடுது."

முதலில் பட்டன்மேல் ஒரு சோடா மூடியை ஒட்டிப் பார்த்தோம். மூடியை அமுக்கினார். பட்டனும் அமுங்கியது, சத்தம் கூடுதலாக வந்தது. பிறகு விரலுக்கு வேலை கொடுப்போம் என்று தட்டினால் நிப் வெளியே வரும் பேனா ஒன்றைக் கையில் கொடுத்தேன். வலது கையில் பேனாவையும் இடது கையில் மைக்கையும் சேர்த்து அடித்தார். கடைசியில் எனக்கு விஷயம் புரிந்தது. விரலை நிறுத்த வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும். 'கேட்டது' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் விரலுக்கு வேலையே இருக்காது.

அங்கேதான் சிக்கல். நிலையத்திலேயே பெரிய வாயாடி அவர். வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்காரும் மண்டியாக்கார ஃபயர்மேனிடம் சாலையில் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். ஆனால் மைக்கைக் கண்டால் தொண்டை அடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்கில் தமிழும் கன்னடமும் கலந்து ஏதோ சொல்லிவிட்டாராம். ஊரிலிருந்த நிலையங்களெல்லாம் நாள்கணக்கில் அதையே சொல்லிச் சிரித்தனவாம். அன்று விட்டவர்தான். என்ன சொன்னார் என்று கேட்டேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மனக்குறை அது ஒன்றுதான்.

பழைய செட்டு ஒன்றின் மைக்கைக் கழற்றி எடுத்துப் பயிற்சி தொடங்கினேன். மைக்கை நீட்டினால் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தார். அதற்குமேல் நகரவில்லை. ஒருமுறை மட்டும் "பெரியோர்களே" என்றார். கல்யாண மண்டபத்தில்கூட யாரும் அப்படித் தொடங்குவதில்லை என்றேன். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மைக்கை மண்டியாக்காரரின் சட்டைப் பையில் மாட்டிவிட்டு, நீங்கள் மைக்கோடு பேச வேண்டாம், எப்போதும்போல இவரோடு பேசுங்கள் என்றேன். பட்டனை மண்டியாக்காரரே அமுக்குவார். டிரைவர் தாடையை ஆட்டினால் அமுக்க வேண்டும், பேசி முடித்ததும் விட வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். நான் கீழே நின்று கண்ட்ரோல் ரூம் மாதிரிக் கூப்பிட்டேன்.

வேலை செய்தது. "கேட்டது" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுக்கு ருசி வந்துவிட்டது. டீக்கடையில் இவர் சொன்னதைக் கடைக்காரர் திருப்பிச் சொன்னால் "கேட்டது" என்கிறார். வீட்டில் அவர் சம்சாரம் காய் வாங்கி வரச் சொன்னதற்கும் "கேட்டது" என்றிருக்கிறார். கேட்டால் போதாது, போகவும் வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதாக அவரே வந்து சொன்னார்.

சனிக்கிழமை காலை. ஓசூர் ரோட்டில் ஒரு காலிக் கிடங்கில் புகை போட்டுவிட்டு எல்லா வண்டிகளையும் அங்கே கூப்பிடுவதுதான் ஒத்திகை. எங்கள் வண்டி முன்னாலேயே கிளம்பிவிட்டது. நான் நிலையத்தில் செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஹெப்பகோடியில் பெரிய அதிகாரி, விருந்தாளிகளாக மாவட்ட அதிகாரிகள். அவர்களோடு இருந்த திருப்பூர்ப் பெண் பிறகு சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ட்ரோல் ரூம் முதல் நிலையத்தைக் கூப்பிட்டது. பதில் இல்லை. இரண்டாவதைக் கூப்பிட்டது. பதில் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டது. அதுவும் இல்லை. ஒரு டக் கூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நிலையத்துக்கு நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. பட்டனை அமுக்கினால் எண் விழும், எண் விழுந்தால் ஹெப்பகோடி. எதற்கு வம்பு என்று ஒவ்வொருவரும் மைக்கை மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ், ஆம்புலன்ஸ், கோலார், ராமநகரம், ஒருவர் வாயும் திறக்கவில்லை. அத்தனை கருவிகளையும் இணைத்த நெட்வொர்க்கில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. விருந்தாளிகள் ஸ்பீக்கரைப் பார்த்தார்களாம். பிறகு அதிகாரியைப் பார்த்தார்களாம். ஒருவர் மரியாதைக்கு, மிகத் தெளிவாக இருக்கிறது என்று சொன்னாராம்.

அப்போது எங்கள் வண்டியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். குருவிச் சத்தம் கேட்டது. மண்டியாக்காரர் அமுக்கிவிட்டார். ஒரு மூச்சு. இருமல். நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு குரல் வந்தது. கன்னடத்தில் சொன்னதை அவர் வாயில் வருகிற தமிழிலேயே தருகிறேன்.

"கேட்டுச்சு. வந்துனே கீறோம். சில்க் போர்டு தாண்டியாச்சு."

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் மண்டியாக்காரர் பதற்றத்தில் பட்டனை விட மறந்துவிட்டார். டிரைவர் அண்ணனும் அவரோடுதானே பேசிக்கொண்டிருக்கிறார்? தொடர்ந்து பேசினார். இடது பக்கம் தண்ணி லாரி நிற்கிறது, அவன் நகரமாட்டான், நகரும் முகமா அது. பாலத்துமேல் ஏறினால் மாட்டிக்கொள்வோம், கீழேயே போவோம். இந்த ஆட்டோக்காரனுக்கு மாமியார் வீட்டில் என்ன அவசரமோ. இங்கே ஒரு கடையில் பரோட்டா நன்றாக இருக்கும், சைரனைப் போட்டுக்கொண்டு நிறுத்த முடியாது, திரும்பி வரும்போது பார்க்கலாம். சுற்று மாவட்டங்கள் முழுக்க இதைக் கேட்டன. அதிகாரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வராத குறைதானாம். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மனிதக் குரல் வந்துவிட்டது. மண்டியாக்காரர் ஒருவழியாகப் பட்டனை விட்டதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்து, ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். பின்னால் வந்த ஆம்புலன்ஸ் தானும் கீழ்ப்பாதையில் வருவதாகச் சொன்னது. கோலார்க்காரர் எந்தப் பரோட்டாக் கடை என்று கேட்டார். ஒத்திகை ஜோராக நடந்தது.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு டக் கூட விழவில்லை. ஹெப்பகோடி ஒழிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம்.

அப்போது பெரிய அதிகாரியே மைக்கை வாங்கி, நன்றாகப் பேசினீர்கள், இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எங்கள் வண்டியைக் கேட்டார். என்னைக் காப்பாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று டிரைவர் அண்ணன் நினைத்திருக்கிறார்.

"எல்லாம் எங்க வாத்தியாருதான் சார். என் மாதிரி ஆளையே பேச வச்சிட்டாரு. அவர் கைல குடுத்தா கல்லு கூடப் பேசும்."

செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. எல்லா நிலையத்து ஆட்களையும் மைக்கில் பேசவைக்கும் பயிற்சிக்காக என்னைக் கூட்டு கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த திங்கள் முதல், மறு உத்தரவு வரும் வரை. பாராட்டு என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. திருப்பூர்ப் பெண்ணைப் போனில் பிடித்தேன். எங்கிருந்தும் எங்கும் பேசலாம் என்பதுதானே இந்த நெட்வொர்க், நான் எங்கள் நிலையத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"நெட்வொர்க்கு எங்க வேணா இருக்குமாமுங்க சார். நாற்காலி இங்கதான் சாங்ஷன் ஆயிருக்குதாமுங்க."

உத்தரவை மனைவியிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள். உங்களைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றாள். பிறகு அலமாரியிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். டிரைவர் அண்ணன். நீலசந்திராவிலிருந்து எதிர்த்திசையில் காக்ஸ் டவுனுக்கு வந்திருக்கிறார், என்னை ஓசூர் ரோட்டு பஸ்சில் ஏற்றிவிட. டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார், நான் கேரியர் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கோச்சிக்காத வாத்தியாரே. நான் நல்லதுதான் சொன்னேன். இன்னொரு தபா கேட்டாங்கன்னா, அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடறேன்."

"மைக்லயே சொல்லுங்கண்ணா," என்றேன். "எல்லா மாவட்டமும் கேக்கட்டும்."

பஸ் வந்தது. கூட்டம். எனக்கு முன்னால் ஏறியவர் ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டிருந்தார். நான் நின்றுகொண்டே போனேன்.